சாலை ஓட்டமும் வெயிலும்

1912ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள், ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டம் பிற்பகலில் கடும் வெயிலில் நடைபெற்றது. போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ வழியில் வீழ்ந்து, மறுநாள் உயிர் நீத்தார். வெயிலுக்கு அஞ்சி மேனியிற் பூசிய கொழுப்பே வியர்வையைத் தடுத்தது என்பர். ஜப்பானியரான ஷிசோ கனகுரியும் சோர்ந்தார். ஆயினும் வழியிலிருந்த ஒரு குடும்பத்தார் பேணியதால் தேறினார்.

தலைமையாசிரியனாக இருந்தபோது நானும் முற்பகல் பத்து மணிக்குச் சாலை ஓட்டம் ஒன்றைத் தொடங்கச் செய்தேன். மாணவன் ஒருவன் மயங்கி வீழ்ந்தான், நல்வினையாகப் பிழைத்தான். பிழை அவனுடையதன்று, என்னுடையதே.

ஆதலின், பந்தயம் நடத்துவோர் விடியற்காலையிலேயே தொடங்குக. வழிநெடுகக் குடிநீரும் மருத்துவ உதவியும் அமைத்திடுக. ஓடுவோரே, தாகத்திற்கேற்பப் பருகுங்கள்; அளவு மீறிய நீரும் இரத்தத்திலுள்ள உப்பின் செறிவைக் குறைத்து ஊறு செய்யும். தலை சுற்றினால் உடனே நின்றுவிடுங்கள். வெப்பத்தால் மயங்கியவரை நிழலிற் கிடத்தி, உடலை நீரால் நனைத்துக் குளிரச் செய்து, மருத்துவரை அழையுங்கள்.

நிற்பது தோல்வியன்று. அன்று நின்ற கனகுரி, 54 ஆண்டுகளுக்குப் பின், 1967இல் ஸ்டாக்ஹோம் சென்று தம் ஓட்டத்தை முடித்தார்.