பேச விடாத இரைச்சல்



மூணாறில் அந்தோணியார் காலனி என்றொரு மலைச்சரிவுக் குடியிருப்பு. அங்கே அமிர்தா பல்கலைக்கழகத்தார் மண்ணைத் துளைத்து உணரிகளைப் புதைத்தார்கள். மழை இறங்க இறங்க மண்ணுக்குள் நீரழுத்தம் ஏறும். சரிவு மெல்ல நகரத் தொடங்கும். அதை அளந்து, கம்பியில்லாமல் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குக் கைமாற்றி, செய்தியை வெளியே சேர்ப்பது அந்த உணரிகளின் வேலை.

என் கவலை இதுதான். அடைமழை இரவில் இப்படியொரு வலைப்பின்னலின் பேச்சை யாராவது இரைச்சல் போட்டு அமுக்கிவிட்டால்?

அமுக்குவது கடினமில்லை. பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடவேண்டிய உணரி, ஒரு மில்லிவாட் அளவில்தான் பெரும்பாலும் பேசுகிறது. போதாததற்கு அது மரியாதை தெரிந்தது. அலைவரிசையில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்கும். ஜாமர் என்னும் இரைச்சல் கருவி ஓயாமல் இரைந்தால், முறை வருமென்று காத்துக்கிடந்தே அதன் இரவு கழியும். இன்னும் பொல்லாத ஜாமர் உண்டு. சும்மா இருக்கும், உணரி பேசத் தொடங்கிய கணத்தில் மட்டும் குறுக்கே கத்தும். செய்தி சிதையும், உணரி மறுபடி மறுபடி அனுப்பும், பேட்டரி தீரும்.

செய்தி வரவில்லை என்பதால் மட்டும் சதி என்று முடிவுகட்ட முடியாது. பேட்டரி தளர்ந்திருக்கலாம், ஏதாவது குறுக்கே விழுந்து மறைத்திருக்கலாம். 2005-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். செய்தியும் வரவில்லை, அலையும் பலவீனம் என்றால் அது பழுதாகவோ தொலைவாகவோ இருக்கும். அலை பலமாக இருக்கிறது, செய்தி மட்டும் உருப்படியாக வந்து சேரவில்லை என்றால், நடுவே யாரோ இரைகிறார்கள். இரண்டு எளிய அளவுகளைச் சேர்த்துப் பார்ப்பதிலேயே விடை கிடைத்துவிடுகிறதே, அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இரைச்சலிலிருந்து தப்பிக்கும் வழியை 1942-இலேயே இரண்டு பேர் காப்புரிமையாகப் பெற்றிருந்தார்கள். ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார், மற்றவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைல். வானொலியால் டார்பிடோவை இயக்கும்போது எதிரி குறுக்கிடாதிருக்க, அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே நேரத்தில் அலைவரிசை மாறித் தாவவேண்டும் என்றார்கள். தாவலை நடத்த, தானியங்கிப் பியானோவில் இருப்பதுபோல் துளையிட்ட காகிதச் சுருள். பியானோக் கட்டைகள் 88, அலைவரிசைகளும் 88.

இன்று தொழிற்சாலை உணரிகள் வயர்லெஸ்ஹார்ட் என்ற முறையில் அப்படித்தான் தாவுகின்றன, ஒவ்வொரு தாவலுக்கும் நொடியில் நூறில் ஒரு பங்கு. ஆனால் தாவும் அந்த வரிசை கணக்கிட்டுவிடக் கூடியது. பக்கத்து வைஃபையின் இரைச்சலைத் தாண்ட அது போதும். வரிசையைக் கவனித்துக் கற்றுக்கொள்ளும் ஜாமரிடம் போதாது. காகிதச் சுருளின் உயிரே, அது உரியவர்களிடம் மட்டும் இருந்ததுதான். உணரிகளிலும் தாவும் வரிசை ஒரு ரகசியச் சாவியிலிருந்து பிறக்கவேண்டும் என்பது என் கருத்து.

இத்தனையும் செய்த பிறகும், கட்டுப்பாட்டு அறைத் திரையில் கடைசியாக வந்த எண் பச்சை நிறத்திலேயே நின்றுகொண்டிருந்தால் என்ன பயன்? உணரி சில நிமிடங்கள் பேசவில்லையென்றால் அந்த எண் மறைந்து சிவப்பு விளக்கு எரியவேண்டும். அந்த இரவிலேயே, சரிவில் குடியிருக்கும் வீடுகளுக்குத் தொலைபேசி போகவேண்டும்.