அப்பாவின் மௌனமும் வாச்சாத்தியின் சாட்சியும்

(கெங்கவல்லியில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பட்டாத்தான் புத்தி வரும்னு நம்ம பக்கம் ஒரு பேச்சு உண்டு. நெருப்பில் போட்டால்தான் பொன் மின்னும் என்று படித்தவர்கள் அதையே கொஞ்சம் அழகாகச் சொல்வார்கள். அடிக்கிற கைக்கு இதைவிட வசதியான தத்துவம் கிடையாது. அடிபட்ட சனம் எப்படி மீண்டு எழுகிறது என்று பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1979. எனக்குப் பத்து வயசு. மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சோறு எடுத்துப் போனேன். வழியில் தாகம். காட்டுக்காரர் வீட்டு மோட்டார் தொட்டியில் கையை விட்டு அள்ளிக் குடித்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். கோயில் முன்னாடி, ஊரே பார்க்க, நெடுஞ்சாண்கிடையாக விழவைத்தார்கள். தண்டமும் கட்டினார். அதற்கப்புறம் அப்பா பேசவில்லை. வேலைக்குப் போவார், வருவார், குடிப்பார். என்னை ஒரு அடி அடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். எட்டே வருசத்தில் செத்துப்போனார்.

அம்மாவுக்கும் அதே அவமானம்தான். ஆனால் கிழங்குக் காட்டில் அவளோடு இருபது பொம்பளைங்க இருந்தாங்க. குனிந்து வேலை செய்துகொண்டே அழுதாள், மண்ணை வாரித் தூற்றினாள், திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அவர்கள் காது கொடுத்தார்கள். பிற்பாடு சங்கத்துப் பெண்கள் எங்கள் தெருவுக்கு வந்தபோது முதலில் எழுந்து பேசியது அம்மாதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று 1989இல் ஒன்று வந்திருக்கிறது என்பதை, கைநாட்டு வைக்கிற அம்மா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அம்மா வளர்ந்தாள், அப்பா தோற்றுப்போனார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்பாவை நினைத்து வெட்கப்பட்டேன். அது தப்பு என்று எனக்கு உறைக்கவைத்தது வாச்சாத்தி.

நமது பச்சமலையில் இருக்கிற அதே மலையாளிப் பழங்குடி மக்கள்தான் சித்தேரி மலையடியில், அரூர் பக்கத்து வாச்சாத்தியிலும் இருக்கிறார்கள். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. ஆலமரத்தடியில் சனத்தைக் கூட்டி அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் இழுத்துப்போய்ச் சீரழித்தார்கள். வீடுகளை இடித்தார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். 90 பெண்களையும் 28 குழந்தைகளையும் நமது சேலம் சிறையில்தான் கொண்டுவந்து அடைத்தார்கள்.

அந்தப் பெண்கள் வாயைத் திறந்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களும் பக்கத்தில் நின்றார்கள். 1995இல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. கோர்ட்டில் நின்று, சொல்லக் கூசுகிற சங்கதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துவிட்டார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். அதில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் கொடு, அதில் பாதியைக் குற்றம் செய்தவனிடமே வசூல் பண்ணு என்றது. 31 வருசம், தோழர்களே. சிறுமியாக இருந்தவள் பேரப்பிள்ளை எடுக்கிற காலம்.

1990களில் அமெரிக்காவில் டெடெஸ்கி, கால்ஹூன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு சிலருக்குத் தன் பலம் தெரிகிறது, மற்றவரோடு நெருக்கம் கூடுகிறது, புதுவழி திறக்கிறது என்றார்கள். ஒன்றை அவர்களும் அழுத்திச் சொன்னார்கள்: காயத்திலிருந்து வளர்ச்சி வருவதில்லை, காயத்தோடு நடத்துகிற போராட்டத்திலிருந்து வருகிறது. வளர்ந்தாலும் வலி போய்விடாது, இரண்டும் கூடவே இருக்கும்.

வாச்சாத்திப் பெண்கள் கூட்டமாகச் சிறையில் கிடந்தார்கள், கூட்டமாக வெளியே வந்தார்கள், கூட்டமாகச் சாட்சி சொன்னார்கள். என் அம்மாவுக்குக் கிழங்குக் காடு இருந்தது. அப்பாவுக்கு யார் இருந்தார்கள்? ஆம்பளை அழக்கூடாது என்கிற ஊரில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் வராத காலத்தில், அவர் ஒண்டியாகக் கிடந்தார். அவர் கோழை இல்லை. அவரைத் தனியாக விட்டது நாங்கள்.

அதனால் சொல்கிறேன். நொறுங்கிப் போனவனைப் பார்த்து, வாச்சாத்தி எழுந்ததே உனக்கென்ன கேடு என்று கேட்காதீர்கள். எழுந்தவளைக் காட்டி, பார், அடி நல்லதுதான் செய்திருக்கிறது என்று எவனாவது சொன்னால் விடாதீர்கள். நமது தெருவில் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். திண்ணையில் போய் உட்காருங்கள். வழக்குப் போடுவதெல்லாம் அப்புறம். முதலில் கேளுங்கள்.

அன்றைக்கு ராத்திரி அப்பா பக்கத்தில் போய் நான் உட்கார்ந்திருக்கலாம். பத்து வயசு, தெரியவில்லை. இன்றைக்குத் தெரிகிறது. உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இவ்வளவும் சொன்னேன்.