வீட்டுத் திரையரங்கில் பேச்சொலி

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு குறை அடிக்கடி பேசப்படுகிறது. தொலைக்காட்சிப் பெட்டி பெரிதாகிவிட்டது; அதனுடன் ஐந்தாறு ஒலிபெருக்கிகளும் வந்து சேர்ந்துவிட்டன. பாட்டு வந்தால் செவிக்கு இனிமையாயிருக்கிறது; சண்டைக் காட்சி வந்தால் சன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஆனால், பாத்திரங்கள் பேசுவது மட்டும் விளங்குவதில்லை. திரையின் அடியில் ஆங்கில எழுத்துக்களை ஓடவிட்டு, தமிழ்ப் படத்தை ஆங்கிலத்தில் படித்து அறிந்துகொள்ளும் விந்தையும் நடைபெறுகிறது.

இதனைச் சிறு குறையென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. டில்லியிலோ மும்பையிலோ பிறந்து வளரும் குழந்தைக்குப் பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. தமிழ் கேட்கும் இடம் வீடு ஒன்றே. அங்கும் அது கேட்பது பெற்றோர் பேசும் ஒரு வகைத் தமிழைத்தான். மதுரைப் பேச்சும் நெல்லைப் பேச்சும் கொங்கு நாட்டுப் பேச்சும் அதன் காதில் விழுவது பெரும்பாலும் படங்களின் வாயிலாகவே. லகரமும் ளகரமும் ழகரமும் வெவ்வேறு என்பதைக் காது பிரித்தறிய வேண்டுமானால், முதலில் அவை காதுக்குத் தெளிவாக வந்து சேர வேண்டும் அல்லவா? ஆகையால், டிஜிட்டல் முறைக்கேற்ப வீட்டு ஒலிபெருக்கிகளை மாற்ற எண்ணும் நேயர்கள், பேச்சு விளங்குகிறதா என்ற ஒரு கேள்வியை முதன்மையாகக் கொண்டு மாற்றுதல் நலம் என்பதே இங்கே நாம் சொல்ல விரும்புவது.

1933-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் ஒரு சோதனை நடத்தினர். பிலடெல்பியா நகரில் இசைக்குழு வாசித்தது. வாஷிங்டன் நகர மண்டபத்தில் அமர்ந்து மக்கள் கேட்டனர். இடையே தொலைபேசிக் கம்பிகள். இடம், நடு, வலம் என மேடையில் மூன்று மைக்குகள். மண்டபத்திலும் அவ்வாறே மூன்று ஒலிபெருக்கிகள். இரண்டு காதுகளுக்கு இரண்டு போதாதோ எனில், மண்டபத்தின் நடுவில் அமர்ந்தவருக்குப் போதும். ஓரத்தில் அமர்ந்தவருக்கு அருகிலுள்ள ஒலிபெருக்கியின் ஒலி முந்திக்கொண்டு வந்துவிடும்; நடுவில் நிற்கும் பாடகர் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டதாகத் தோன்றும். நடு ஒலிபெருக்கி இருந்தால் அந்த மயக்கம் தீரும். திரைப்படத்தில் பேச்சுக்கு அந்த நடு இடம் கிடைத்ததும் இதே காரணத்தாலேதான்.

வீடுகளுக்கு இவ்வசதி தாமதமாகவே வந்தது. 1982-இல் டால்பி நிறுவனத்தாரின் 'ஸரவுண்டு' முறையும், 1987-இல் நடு ஒலிபெருக்கிக்குத் தனிப் பங்கு அளித்த 'புரோ லாஜிக்' முறையும் தோன்றின. இரண்டு தடங்களில் மடித்து வைத்த ஒலியைப் பிரித்தெடுப்பதே இவற்றின் வேலை. பின்புறம் இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்தாலும் இரண்டும் ஒரே ஒலியைத்தான் எழுப்பின. அதிலும் வினாடிக்கு 7000 அதிர்வுகளுக்கு மேற்பட்டவை வெட்டப்பட்டுவிடும். ஆகவே, பின்னால் வைக்கச் சிறிய, மலிவான ஒலிபெருக்கியே அன்று போதுமானதாயிருந்தது. 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துடன் டால்பி டிஜிட்டல் முறையும், 1993-இல் 'ஜுராஸிக் பார்க்' படத்துடன் டி.டி.எஸ். முறையும் திரையரங்குகளுக்கு வந்தபின் நிலைமை மாறியது. டி.வி.டி. தட்டுகளின் வழியே இவை பிறகு வீடுகளிலும் புகுந்தன. இம்முறையில் ஐந்து தடங்களும் தனித்தனியானவை. ஒவ்வொன்றும் முழு ஒலியைச் சுமப்பது. 5.1 என்பதிலுள்ள அந்தப் புள்ளி ஒன்று, 120 அதிர்வுகளுக்குட்பட்ட இடி முழக்கங்களுக்கென ஒதுக்கிய ஆறாவது தடம்.

பழைய ஒலிபெருக்கிகளை மாற்ற வேண்டிய அவசியம் இங்கேதான் எழுகிறது. ஆயினும், நம்மவர் பலர் முதலில் ஓடி வாங்குவது என்ன? ஸப்வூஃபர் என்னும் அந்த முழக்கப் பெட்டியைத்தான். அது வந்ததும் வீடு அதிர்கிறது. பேச்சு முன்னிலும் மங்குகிறது. தாழ்ந்த ஒலி மிகும்போது அது உயர்ந்த ஒலிகளை மறைத்துவிடுவது செவியின் இயல்பு. மெய்யெழுத்துக்களின் தெளிவு பெரும்பாலும் 2000 முதல் 4000 அதிர்வுகள் வரையிலான பகுதியில் அடங்கியிருக்கிறது. அப்பகுதியைத் தூய்மையாக ஒலிப்பதில்தான் நல்ல ஒலிபெருக்கியின் பெருமை இருக்கிறதே தவிர, சுவரை ஆட்டுவதில் இல்லை.

எனவே, கையிலுள்ள பணத்தில் பெரும்பங்கை முன்புற மூன்று ஒலிபெருக்கிகளுக்கே செலவிடுக என்போம். அம்மூன்றும் ஒரே நிறுவனத்தாரின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருத்தல் வேண்டும். இல்லையேல், ஒருவர் பேசிக்கொண்டே திரையின் இடப்புறமிருந்து வலப்புறம் நடந்தால், நடுவழியில் அவர் குரலே வேறாகிவிடும். நடு ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. படுக்கை வசமாக, நடுவே சிறு கூம்பும் இருபுறமும் இரண்டு பெரிய கூம்புகளுமாக அமைந்த பெட்டிகளே கடைகளில் மிகுதி. நேர் எதிரில் அமர்ந்தவருக்கு இவை நன்றாகவே ஒலிக்கும். பக்கவாட்டில் அமர்ந்தவருக்கோ, இரண்டு கூம்புகளின் ஒலியும் வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று அழிப்பதால் குரலில் பள்ளம் விழும். குடும்பத்தில் பலர் வரிசையாக உட்கார்ந்து பார்ப்பதாயின், நடுப்பகுதி ஒலிக்கெனத் தனிக் கூம்பு ஒன்று சிறு கூம்பின் கீழே செங்குத்தாக அமைந்த பெட்டியைத் தேடி வாங்குதல் நன்று. ஒரே அட்டைப் பெட்டியில் ஐந்து சின்னஞ்சிறு கனசதுரங்களும் ஒரு முழக்கப் பெட்டியுமாக விற்கும் தொகுதிகளை நாம் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. அச்சிறு பெட்டிகளுக்கு 150, 200 அதிர்வுகளுக்குக் கீழே ஒலிக்க வலிமை இராது. ஆகவே ஆண்குரலின் அடித்தளம் முழுவதும் அறை மூலையிலுள்ள முழக்கப் பெட்டிக்குப் போய்விடும். முகம் திரையில், குரல் மூலையில்!

கடையில் எழுதி வைத்திருக்கும் வாட் கணக்கைக் கண்டு மயங்க வேண்டாம். பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் போடும் எண்களுக்குப் பொருள் ஏதும் கிடையாது. ஆர்.எம்.எஸ். எனக் குறித்த எண்ணையே பாருங்கள். அதைவிட முக்கியம், ஒரு வாட் சக்திக்கு ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலிக்கிறது என்ற உணர்திறன். சக்தியை இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் உயரும். எனவே, 90 டெசிபல் ஒலிபெருக்கிக்கு 50 வாட் செய்யும் வேலையை 87 டெசிபல் ஒலிபெருக்கியிடம் வாங்க 100 வாட் வேண்டும். டில்லி லாஜ்பத் ராய் மார்க்கெட்டுக்கோ மும்பை லாமிங்டன் சாலைக்கோ செல்லும் நேயர்கள், தமக்கு நன்கு தெரிந்த ஒரு தமிழ்ப் படத்தின் உரையாடல் காட்சியைக் கையோடு கொண்டு செல்வார்களாக. கடைக்காரர் போட்டுக் காட்டுவது எப்போதும் குண்டு வெடிப்பாகத்தான் இருக்கும். குண்டு எந்தப் பெட்டியிலும் நன்றாகவே வெடிக்கும்.

வாங்கியதை வைக்கும் இடமும் அதற்கு ஈடான விஷயம். நடு ஒலிபெருக்கியை அலமாரிக்குள் தள்ளி வைத்தால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். பலகையின் விளிம்புக்கு அதைக் கொண்டுவந்து, தாழ்வாக இருந்தால் முன்புறத்தைச் சிறிது தூக்கி, அமர்ந்திருப்பவரின் காதை நோக்கித் திருப்புக. முன்புற இடம், வலம் இரண்டும் நேர்க்கோட்டிலிருந்து 30 பாகை விலகியும், பக்க ஒலிபெருக்கிகள் 110 பாகையளவில், அதாவது காதுக்குச் சற்றே பின்னாலும் அமைதல் முறை. நகரத்து அடுக்குமாடி வீடுகளில் கூடம் சிறிது, தரை பளிங்கு அல்லது ஓடு, சுவரோ வெறுஞ்சுவர். பேச்சொலி மோதித் திரும்பி எதிரொலியாகும். தடித்த திரைச்சீலை ஒன்றும், திரைக்கும் இருக்கைக்கும் இடையே ஒரு ஜமக்காளமும் விரித்துப் பாருங்கள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பயன் தருவது வேறொன்றில்லை.

புதிய பெட்டிகளை வாங்குமுன் ஒன்றைச் சோதித்துவிடுதல் அவசியம். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் 'பி.சி.எம்.' என்று இருந்தால், பல பெட்டிகளில் இரண்டு தடங்கள் மட்டுமே வெளிவரும். ஐந்து ஒலிபெருக்கிகள் இருந்தும் டிஜிட்டல் ஸரவுண்டு கிடையாது. அதனை 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது அதற்கு நிகரான நிலைக்கு மாற்றி, எச்.டி.எம்.ஐ. கம்பியால் ரிஸீவருடன் இணைக்க வேண்டும். ரிஸீவரில் ஒவ்வொரு ஒலிபெருக்கியின் தொலைவையும் அளந்து பதிக்க வேண்டும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 3 மில்லி வினாடி ஆகிறது, அந்த வேற்றுமையைக் கருவி சரிசெய்துகொள்ளும். ஒலிபெருக்கிகளுக்கும் முழக்கப் பெட்டிக்கும் எல்லையாக 80 அதிர்வுகளை வகுப்பது வழக்கம். பின்னர், நடுத்தடத்தை மட்டும் இரண்டு, மூன்று டெசிபல் உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். தூய்மைவாதிகள் இதை ஒப்பமாட்டார்கள். முதியோர் உள்ள வீட்டில் அது செய்யத்தக்கதே என்பது நம் கருத்து.

கூரையிலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் முறை 2012-இல் 'பிரேவ்' என்ற படத்துடன் தோன்றியது. அதே ஆண்டு டிசம்பரில் 'சிவாஜி' படத்தின் முப்பரிமாணப் பதிப்பும் அம்முறையில் வெளிவந்தது. அதற்கென வாடகை வீட்டின் கூரையைத் துளைக்க வீட்டுக்காரர் இசைவாரா என்பது ஒருபுறமிருக்க, முன்புற மூன்றும் செம்மையாகும்வரை அது காத்திருக்கலாம். நல்ல நடு ஒலிபெருக்கி வாங்க இப்போது வசதியில்லையா? மட்டமான ஒன்றை வைப்பதைவிட, ரிஸீவரில் நடு ஒலிபெருக்கி 'இல்லை' என்று பதித்துவிடுங்கள். பேச்சு இடம், வலம் இரண்டிலும் சமமாகப் பகிரப்பட்டு, நடுவில் அமர்ந்தவருக்குத் திரையிலிருந்தே வருவதாகத் தோன்றும். கம்பியை மட்டும் கழற்றிவிட்டுப் பதிவை மாற்றாது விட்டால் பேச்சு அடியோடு மறைந்து போகும். குழந்தைகளை அந்த நடு இருக்கையில் உட்கார வைக்கலாம். பெரியவர்கள் ஓரத்தில் அமர்ந்து பொறுத்துக்கொள்வார்கள்.