குழந்தையின் டப்பாவைக் குப்பையில் போடுவதற்கு முன்

(நம் குடியிருப்பின் குடும்ப விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். விழாவுக்கு வராதவர்களுக்காகச் சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.)



மாதக் கடைசி வந்தால் நம் கேட்டில் ஒரு குட்டி யானையாவது நிற்கும். ஒரு குடும்பம் சாமான் இறக்கும், இன்னொரு குடும்பம் ஏற்றும். நம்மில் பலர் ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளை நம்பி இங்கே வந்தவர்கள். 11 மாத வாடகை ஒப்பந்தம், இரண்டு மூன்று வருடம் வேலை, பிறகு பூனாவோ ஓசூரோ சானந்தோ. அதில் தவறொன்றும் இல்லை. பிழைப்பு அப்படி.

வண்டி கிளம்பிப் போன மறுநாள் காலையில் குப்பைத் தொட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். உடைந்த பக்கெட், கால் போன ஸ்டூல், இவற்றோடு ஒரு ஷூ டப்பாவும் கிடக்கும். நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். உள்ளே கிண்டர் ஜாயில் வந்த பொம்மைகள், பபிள்கம்மோடு வந்த ஸ்டிக்கர்கள், சிப்ஸ் பாக்கெட்டில் வந்த வட்டத் தகடுகள். ஒரு டப்பாவில் 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது பேப்பரில் வந்த படம் ஒழுங்காகக் கத்தரித்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளையின் சொத்து அது. பிள்ளையைக் கேட்டுவிட்டுத்தான் போட்டார்களா என்பது தெரியவில்லை. நான் பேச வந்தது அந்த டப்பாவைப் பற்றித்தான்.

நான் காஞ்சிபுரத்தில் வளர்ந்தவன். 1969 ஜூலை 21, திங்கட்கிழமை. நம் நேரப்படி காலை எட்டரை மணி ஆவதற்குச் சற்று முன் ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தார். அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் தெருவில் யாரும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான். ரேடியோவில் கேட்டோம், மறுநாள் பேப்பரில் கறுப்பு மை அப்பிய படத்தைப் பார்த்தோம். அந்தப் பேப்பரும் சலூன்காரருடையது. கிழித்து எடுத்து வர முடியாது.

இன்றைய பிள்ளைகளுக்கு இது புரிவது கடினம். வண்ணப்படம் என்பதே எங்களுக்கு அபூர்வம். காசு கொடுத்து வாங்க வழியில்லை. வீட்டுக்கு வாங்கும் ஏதாவது ஒரு பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்தால்தான் உண்டு.

அப்படி வந்தவற்றில் முதலிடம் தீப்பெட்டிக்கு. கிளி, மயில், தாமரை, சாவி, கப்பல் என்று எத்தனையோ படங்கள். நிலாப் பயணம் ஊரெல்லாம் பேச்சான பிறகு ராக்கெட் படம் போட்ட பெட்டிகளையும் பெட்டிக்கடை வாசலில் தேட ஆரம்பித்தோம். காலிப் பெட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, லேபிளைக் கிழியாமல் உரித்து, நிழலில் உலர்த்தி, சோற்றுப் பசையால் நோட்டில் ஒட்டுவோம். ராக்கெட்டின் நெருப்பு சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். வானம் அடர்நீலம். நான் முதலில் வண்ணத்தில் பார்த்த விண்வெளி அதுதான்.

அடுத்தது தபால்தலை. கடிதம் வந்தால் தலை இலவசம்! 1969 நவம்பர் 19 அன்று நம் தபால் துறை நிலவில் மனிதன் நிற்கும் படத்தோடு 20 காசுத் தலை வெளியிட்டது. 1975 ஏப்ரலில் ஆர்யபட்டா பறந்த மறுநாளே 25 காசுத் தலை வந்தது. யார் வீட்டுக்குப் பட்டாளத்திலிருந்தோ பம்பாயிலிருந்தோ கடிதம் வருகிறது என்பது எங்களுக்கு மனப்பாடம்.

மூன்றாவது பினாக்கா பற்பசை. அட்டைப் பெட்டிக்குள் விரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை இருக்கும். பெரும்பாலும் விலங்குகள். ராக்கெட் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டே யானையையும் ஒட்டகத்தையும் சேர்த்தோம். எங்கள் வீட்டில் பல்பொடிதான். பினாக்கா வாங்கும் வீட்டுப் பையனிடம் லேபிள் கொடுத்து மாற்றிக்கொள்வேன். ஒரு ராக்கெட்டுக்கு மூன்று கிளி, ஒரு யானைக்கு இரண்டு ராக்கெட். பி.காம். முதலாண்டில் தேவை, அளிப்பு என்று பேராசிரியர் நடத்தியபோது இது நமக்குத் தெரிந்த கணக்காயிற்றே என்று தோன்றியது.

கணக்கு என்றதும் இன்னொன்று. நமக்கெல்லாம் தெரிந்த புரூக் பாண்ட் டீக் கம்பெனி 1954 முதல் இங்கிலாந்தில் டீத்தூள் பாக்கெட்டோடு பட அட்டை கொடுத்துவந்தது. 1971இல் விண்வெளிப் போட்டியைப் பற்றி 50 அட்டைகள் கொண்ட வரிசை ஒன்றை வெளியிட்டார்கள். பாக்கெட்டுக்கு ஓர் அட்டை, எல்லா அட்டையும் சம எண்ணிக்கையில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரிடமும் மாற்றிக்கொள்ளாமல் ஒரே குடும்பம் 50 அட்டையையும் சேர்க்க எத்தனை பாக்கெட் வாங்க வேண்டும்? சராசரியாகச் சுமார் 225. முதல் 25 அட்டை 34 பாக்கெட்டுக்குள் வந்துவிடும். கடைசியாக எஞ்சும் அந்த ஒரே அட்டைக்கு மட்டும் சராசரியாக 50 பாக்கெட் ஆகும். 225 பாக்கெட் டீயை எந்த வீட்டிலும் குடித்துத் தீர்க்க முடியாது. அதனால் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியே ஆக வேண்டும். கம்பெனி கொடுத்தது அட்டை. நட்பைப் பிள்ளைகள் தாங்களே சம்பாதித்தார்கள்.

சரி, வாங்கினோம், மாற்றினோம், மகிழ்ந்தோம். பழைய குப்பையை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பீர்கள். நான் சொல்ல வந்ததே அதைத்தான். சிறு வயதில் சேர்த்த பொருளை நாம் இரண்டு முறை பார்க்கிறோம். முதல் முறை பிள்ளையாக, இரண்டாம் முறை பெரியவராக. இரண்டாவது முறைதான் அது எதைச் சொல்கிறது என்பது புரியும். இடையில் தூக்கிப் போட்டுவிட்டால் பாதிதான் பார்த்திருப்போம்.

என் தீப்பெட்டி நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. நாங்கள் காஞ்சிபுரத்திலேயே மூன்று வாடகை வீடு மாறினோம். மூன்று முறையும் அம்மா அதை டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். ராக்கெட் என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது. அது யாருடையது என்று தெரியும்.

1996 டிசம்பரில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தடையை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி நல நிதியில் கட்ட வேண்டும் என்றார்கள். தீப்பெட்டித் தொழிலில் 14 வயதுக்குட்பட்டவர்களை வைக்கக் கூடாது என்று 1986லேயே சட்டம் வந்துவிட்டது. செய்தியைப் படித்த அன்று இரவு நோட்டை எடுத்துப் புரட்டினேன். குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் அந்தப் பிள்ளைகள் செய்த வேலைகள். எனக்கு எட்டு வயதில் இலவசமாகக் கிடைத்த ராக்கெட்டை என் வயதுப் பிள்ளை ஒருத்தி ஒட்டியிருக்கலாம். நான் உரித்தது அவள் ஒட்டியதை. எட்டு வயதில் வண்ணம் மட்டும் தெரிந்தது. முப்பத்தைந்து வயதில் விலையும் தெரிந்தது. வணிகவியலில் சொல்வார்கள், இலவசம் என்று தனியாக ஒரு தலைப்பு எந்தப் பேரேட்டிலும் கிடையாது, யாரோ ஒருவர் கணக்கில் அது பற்று எழுதப்பட்டிருக்கும் என்று. அந்தப் பாடத்தை எனக்கு நன்றாகப் புரியவைத்தது பாடப்புத்தகம் அல்ல, அந்த நோட்டு.

இன்னோர் உதாரணம் என் வேலையிலிருந்தே. பழைய இரண்டு ரூபாய் நோட்டு உங்களில் நாற்பது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். 1976 முதல் அதன் பின்புறத்தில் ஆர்யபட்டா படம் இருந்தது. இஸ்ரோ உருவாக்கிய நம் முதல் செயற்கைக்கோள். 360 கிலோ எடை, 26 பக்கங்கள். யு.ஆர். ராவ் தலைமையில் பெங்களூரில் கட்டி, 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பினார்கள். பள்ளியில் படிக்கும்போது புது நோட்டு ஒன்றைப் பத்திரப்படுத்தினேன். இரண்டு ரூபாயைச் செலவழிக்காமல் வைப்பது அன்று சாதாரணம் இல்லை. பிறகு வங்கியில் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்தபோது ஆர்யபட்டாவை ஆயிரக்கணக்கில் எண்ணினேன். 100 நோட்டு ஒரு பாக்கெட், பத்து பாக்கெட் ஒரு பண்டல். எண்ணெய், மஞ்சள், மீன் வாடை என்று எல்லாக் கைகளும் பட்ட ஆர்யபட்டா.

அந்தச் செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டு, ஏவிய சில நாட்களிலேயே ஆராய்ச்சிக் கருவிகள் நின்றுபோயின. 1992இல் அது வளிமண்டலத்துக்குள் விழுந்து எரிந்துபோனது. நோட்டு மட்டும் தொடர்ந்து சுற்றியது. 1995இல்தான் அச்சடிப்பதை நிறுத்தினார்கள். இன்றும் அது செல்லும் பணம். முழு வெற்றி பெறாத ஒரு முதல் முயற்சியை ஒரு நாடு தன் பணத்தில் அச்சடித்து, காய்கறிக்காரர் கையிலும் பஸ் கண்டக்டர் கையிலும் கொடுத்திருக்கிறது. பள்ளி வயதில் எனக்கு அது பெருமைக்குரிய படம். இன்று பார்க்கும்போது, முதல் முயற்சி அரைகுறையாக நின்றாலும் மறைக்க வேண்டியதில்லை என்று அந்த நோட்டு சொல்வதாகத் தோன்றுகிறது. தேர்வில் மதிப்பெண் குறைந்த பேரனிடம் அதைக் காட்டித்தான் பேசினேன். நோட்டு கையில் இல்லாவிட்டால் அது வெறும் அறிவுரையாகப் போயிருக்கும்.

இனி நம் பிள்ளைகளின் டப்பாவுக்கு வருவோம். வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால் நம் மொட்டை மாடியிலிருந்து ஓர் ஒளிப்புள்ளி ஏறுவது தெரியும். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். மறுநாள் மறந்துவிடுகிறார்கள், அது இயல்பு. ஆனால் அதில் ஏதோ ஒரு பிள்ளை படத்தைக் கத்தரித்து டப்பாவில் வைக்கிறது. 2050இல் அந்தப் பிள்ளை அதைத் திறந்தால் என்ன புரியும் என்று நம்மால் சொல்ல முடியாது. அப்பா எந்தக் கம்பெனியில் எந்த ஷிஃப்டில் இருந்தார், பக்கத்து வீட்டு ஒடிசாக்காரப் பையன் எந்த ஸ்டிக்கரைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனான் என்பதெல்லாம் அதில் இருக்கலாம். ஊர் ஊராக மாறும் குடும்பத்தில் பிள்ளைக்குச் சொந்த வீடும் இல்லை, சொந்தத் தெருவும் இல்லை. அந்த டப்பா ஒன்றுதான் கூடவே வரும் முகவரி.

அதனால் உங்களிடம் நான் கேட்பது மூன்றே விஷயம்.

ஒன்று, பிள்ளைக்கு ஒரு டப்பா கொடுங்கள், ஒன்றுக்கு மேல் வேண்டாம். நிறைந்துவிட்டால் எதை எடுப்பது, எதை வைப்பது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். மூடியில் பெயரும் வருடமும் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு, வீடு மாற்றும்போது பிள்ளையைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். பிள்ளையே போடச் சொன்னால் போடுங்கள். அது அதன் சொத்து, அதன் முடிவு.

மூன்று, எடுத்துப்போக இடமில்லை, பிள்ளைக்கும் விட மனமில்லை என்றால் சங்க அறைக்குக் கொண்டுவாருங்கள். செயலாளரிடம் பேசியிருக்கிறேன். அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கித் தர ஒப்புக்கொண்டார். பெயர், ஃபிளாட் எண், கைபேசி எண், ஒப்படைத்த தேதி எல்லாம் எழுத ஒரு பதிவேடு வாங்கிவிட்டேன். வங்கி லாக்கர் மாதிரிதான். சாவி என்னிடம் இருக்கும், வாடகை கிடையாது. ஒரே ஒரு விதி: திரும்ப வாங்க வரும்போது பிள்ளையே கையெழுத்துப் போட வேண்டும்.

ஞாயிறு காலை பத்து முதல் பதினொன்று வரை சங்க அறையில் இருப்பேன்.