திரை காட்டும் சுழி

ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் கணிப்பொறி நிரல் எழுதும் என் பழைய மாணவர், அளவுப் பிழையொன்றைத் தேடி இரவு முழுதும் கண்விழித்தார். திரையில் கண்ட மதிப்பு 0.00, சுழியென்றே நம்பினார். உள்ளே இருந்ததோ 0.004! இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கிய திரை அதனை மறைத்துவிட்டது. ஆயிரம் முறை கூடினால் அதுவே 4 ஆகும் அன்றோ?

1961இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்டு லோரென்சும் இவ்வாறே ஏமாந்தார். கணிப்பொறியின் நினைவில் 0.506127, அச்சிட்ட தாளில் 0.506. தாளிலுள்ள எண்ணை இட்டு மீண்டும் கணக்கிட்டபோது, வானிலை முற்றிலும் வேறாக விளைந்தது. இயந்திரமே பழுதென முதலில் ஐயுற்றார்.

முழுமையாக்கக் கற்பித்தவன் நான். அதன் ஆபத்தைக் கற்பிக்கத் தவறினேன். ஆதலின் இன்று சொல்கிறேன்: ஐயம் எழுமிடத்துத் தசம இடங்களைக் கூட்டிப் பாருங்கள்.