நிலத்தடியை நோக்கும் ரேடார்

அகழாய்வு ஒருவகையில் அழிவும் ஆகும். ஒருமுறை வெட்டியெடுத்த மண்ணடுக்கை மீண்டும் முன்போல் அமைத்து வைக்க எவராலும் இயலாது. ஆதலின், மண்வெட்டி படுமுன்னரே நிலத்தடியில் இருப்பதை ஓரளவேனும் உணர்த்தும் கருவி தொல்லியலாருக்கு மிகவும் இன்றியமையாததாகிறது. நிலம் ஊடுருவும் ரேடார் அத்தகையது.

தரையை ஒட்டி இழுத்துச் செல்லப்படும் அலைவாங்கி, மின்காந்த அலைத் துடிப்புகளை மண்ணுக்குள் செலுத்துகிறது. மண் முடிந்து கற்சுவரோ வெற்றிடமோ தொடங்கும் எல்லையில் அலையின் ஒரு பகுதி எதிரொளித்துத் திரும்புகிறது. திரும்புவதற்கான நேரம், நானோ விநாடிக் கணக்கில், ஆழத்தைக் காட்டுகிறது. அதிர்வெண்ணைக் குறைத்தால் அலை ஆழமாகச் செல்லும். ஆனால் சிறு பொருள்கள் புலப்படா.

இத்தாலியில் ரோம் நகருக்கு வடக்கேயுள்ள ஃபலேரி நோவியில் இம்முறை தன் முழு ஆற்றலையும் காட்டியது. மதிலுக்குட்பட்ட 30.5 ஹெக்டேர் நிலமும் அளவிடப்பட்டது. கேம்பிரிட்ஜ், கெண்ட் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட முடிவுகளில் கோயில், அங்காடி, குளியல் மண்டபம், தெருக்கள் என ஒரு ரோமானிய நகரமே தோண்டாமல் தெரிந்தது.

நம் நாட்டிலும் அதே வெற்றியை எதிர்பார்க்கலாமா? ஈரக் களிமண்ணும் உப்பு மண்ணும் அலையை விரைவில் விழுங்கிவிடுகின்றன. சிந்துவெளி நாகரிகத்தின் சுடாத செங்கற்சுவர், தன்னைச் சூழ்ந்த மண்ணினின்று பெரிதும் வேறுபடுவதில்லை. மண்ணுக்குள் மண்ணைத் தேடும் வேலை அது. கல்லைக் காண்பது போல் எளிதன்று.

கருவி சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. 2002-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இட்ட ஆணைப்படி அயோத்தியில் ரேடார் ஆய்வு நடைபெற்றது. 2003-இல் அளிக்கப்பட்ட அறிக்கை, இயல்புக்கு மாறான 184 குறிகளைச் சுட்டியது. அவை தூண்களாகவோ அடித்தளங்களாகவோ தளவரிசையாகவோ இருக்கலாம் என்றதேயன்றி, இன்னவைதாம் என்று துணியவில்லை. தோண்டி உறுதிப்படுத்த வேண்டும் என்றது. அவ்வாண்டு மார்ச் 5 அன்று நீதிமன்றம் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறைக்கு அகழாய்வு ஆணை பிறப்பித்தது. குறி என்பது கேள்வி. அதற்கு விடை குழியில்தான் கிடைக்கும்.

ஆகவே, ரேடார் ஆய்வைக் கோரும் அலுவலர் முதலில் வினவ வேண்டியது கருவியின் விலையையன்று, மண்ணின் தன்மையை. மண் உலர்ந்த பருவத்தில் அளவிடுவதும், ஆழம் தெரிந்த பொருளொன்றின்மீது கருவியை ஓட்டி அலையின் வேகத்தைச் சரிபார்ப்பதும் பெருஞ்செலவுக்குரியன அல்ல. இவற்றை விடுத்து வண்ணப் படத்தை மட்டும் கோப்பில் இணைத்தால், படத்தில் ஒன்றும் தெரியாத நிலத்தை ஒன்றுமில்லாத நிலமென்று கருதிச் சாலை போட நேரும்.