கடல் கடந்த ஆளி

குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்தோர், கடல் கொந்தளித்தால் பயணம் இல்லையென்பதை நன்கறிவர். அத்தகைய நாளில் தீவிலுள்ள தொலைத்தொடர்பு வானொலிக் கருவி செயலற்று நின்றுவிடின் என் செய்வது? பல வேளைகளில், மின்னை ஒருகணம் நிறுத்தி மீண்டும் கொடுத்தாலே அது விழித்துக்கொள்ளும். ஆனால் ஆளியைத் தட்டுதற்கு அங்கே ஆள் வேண்டுமே!

அந்த ஆளின் வேலையைச் செய்வது ரிலே. 1835ஆம் ஆண்டளவில் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி இதற்கு வழிகாட்டினார். சிறு மின்னோட்டம் கம்பிச் சுருளைக் காந்தமாக்கும். காந்தம் இரும்புத் தகட்டை இழுத்துப் பெரிய ஓட்டத்தை இணைக்கும், அல்லது துண்டிக்கும். தொலைத்தொடர்பு நிலையங்கள் பொதுவாக 48 வோல்ற்று நேரோட்டத்தில் இயங்குவன. மின்வழங்கல் தடைப்படினும் பற்றரிகள் சிலகாலம் தாங்கும். தொலைவிலிருந்து வரும் கட்டளை அச்சுருளை இயக்கினாற் போதும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கட்டளை செல்லும் வழியும் அதே வானொலியாயின், அதனை அணைத்தவர் மீண்டும் ஏற்றும் வழியையும் அணைத்தவராவார். ஆதலால், சுருள் ஓய்ந்திருக்கும்போதே மின் பாயுமாறு இணைத்தல் வேண்டும். சில விநாடிகளில் தானே மீளும் காலக்கணிப்பையும் தீவிலேயே அமைத்தல் வேண்டும்.

1990இற்குப் பின் மின்சாரமின்றித் தவித்த ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். மிதிப்பது நின்றால் செய்தியும் நின்றது. நள்ளிரவில் நோயாளிக்கு உதவி வேண்டும் தீவு மக்களின் குரல் அவ்வாறு நின்றுவிடலாகாது. அணைக்குமுன், மீண்டும் ஏற்றும் வழியை எண்ணுக.